கருப்பன் குதிரை ஏம்பலம் வந்த வழி

புதுச்சேரியில் உள்ள எங்கள் ஊர் ஏம்பலத்தில் நாற்பது வயதைத் தாண்டியவர்கள் நாலு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் ‘விடாது கருப்பு’ என்ற பழைய தொலைக்காட்சித் தொடரைப் பற்றிப் பேச்செடுத்துப் பாருங்கள். நடித்தவர்களின் பெயர் பலருக்கு மறந்திருக்கும். கதையில் யாருக்கு யார் என்ன உறவு என்பதும் கலங்கலாகத்தான் நினைவிருக்கும். ஆனால் இரவில் பாய்ந்து வரும் அந்த வெள்ளைக் குதிரையை மறந்தவர் ஒருவரும் இருக்க மாட்டார். குதிரைமேல் வந்தது கருப்பசாமியா, ஆளா என்ற வழக்கும் இன்னும் தீர்ந்தபாடில்லை. ஒருவர் சாமிதான் என்பார். இன்னொருவர், “டாக்டருங்க சொன்னாங்களே, மறந்துட்டியா?” என்று மடக்குவார். மூன்றாமவர், “டாக்டரு சொல்லிட்டா சாமி இல்லன்னு ஆயிடுமா?” என்று மறுபடி முதலில் இருந்து தொடங்குவார்.

தமிழ்த் தொலைக்காட்சியின் வரலாறு என்று எழுதப்படுவதில் சேனல்கள் இருக்கின்றன, தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள், நடிகர்கள் இருக்கிறார்கள். பார்த்தவர்கள் சொன்ன கருத்துக்கு அதில் இடம் இல்லை. அது பெரிய குறை என்பது என் எண்ணம். அந்தக் குதிரை மதுரைச் சீமையில் கிளம்பி, புத்தகம், நாடா, விண்கோள், கேபிள் ஒயர் என்று வாகனம் மாறி மாறி எங்கள் ஊர் வரை வந்தது. வந்த வழி நெடுக ஆளாளுக்கு ஒரு கருத்தை அதன்மேல் ஏற்றினார்கள். இத்தனை ஆண்டுகளாக அதை ஓடவைத்திருப்பது அந்தக் கருத்துகள்தாம்.

காவல் நிற்கும் குதிரைகள்

குதிரையின் பிறப்பிடம் கோயில் வாசல். அழகர்கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்பன் இருக்கிறார். அங்கே சன்னதி என்று தனியாக ஒரு சிலையை யாரும் தேடுவதில்லை. மூடிய பெருங்கதவையும் அதன் படிகளையுமே கருப்பனாகக் கும்பிடுகிறார்கள். ஊரில் தீராத வழக்கைக் கொண்டுபோய் அந்த வாசலில் சத்தியம் செய்து தீர்த்துக்கொள்ளும் பழக்கம் மதுரைப் பக்கத்தில் நெடுங்காலமாக உண்டு. பொய்ச் சத்தியம் செய்தவனைக் கருப்பன் சும்மா விடமாட்டார் என்பது நம்பிக்கை. முகம் தெரியாத காவல்காரர், பொய்யைப் பொறுக்காத நீதிபதி: கருப்பனின் இந்த இரண்டு குணங்களும் பின்னால் அப்படியே தொலைக்காட்சிக்குள் வந்தன.

எங்கள் பக்கம் கருப்பனின் ஆட்சி இல்லை. புதுச்சேரியின் கிராமக் கொம்யூன்களில், வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம் என்று எங்கு போனாலும் ஊர் எல்லையில் அய்யனாரும் முனீஸ்வரனும்தான் நிற்கிறார்கள். அய்யனாருக்கு முன்னால் மண்குதிரைகள் நிற்கும். வேண்டுதல் நிறைவேறியவர்கள் செய்து வைத்தவை அவை. அந்த மண்வேலைக்கு வில்லியனூர் பெயர்போனது. வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. இந்தக் கலையில் வாழ்நாளைச் செலவிட்ட வி.கே. முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். ஆக, ராத்திரியில் குதிரையேறி ஊரைச் சுற்றிவரும் காவல் தெய்வம் எங்களுக்குப் புதிய சேதியே இல்லை. ராத்திரி நாய் குரைத்தால், “அய்யனாரு வேட்டைக்குப் போறாரு, பேசாம படு” என்று சொல்லி வளர்த்த ஆயாக்கள் வீட்டுக்கு ஒருவர் இருந்தார்கள்.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. மதுரைக் கருப்பன் தொலைக்காட்சி வழியாக எங்கள் ஊருக்கு வந்தபோது, அவரை எடைபோட எங்களிடம் முன்பே ஒரு தராசு இருந்தது.

அச்சில் ஏறியது

குதிரையைக் கோயிலிலிருந்து தாளுக்கு அழைத்து வந்தவர் இந்திரா சௌந்தர்ராஜன். மதுரையில் வாழ்ந்த எழுத்தாளர். சித்தர்கள், நவபாஷாணம், நாடி ஜோதிடம், காவல் தெய்வம், பழைய கோயில்களின் பூட்டிய அறைகள் என்று மக்கள் வாய்மொழியில் திரிந்துகொண்டிருந்ததை எல்லாம் துப்பறியும் கதையின் சட்டகத்துக்குள் வைத்தார். கொலை நடக்கும். ஊர் சாமி என்று சொல்லும். படித்த ஒருவர் வெளியூரிலிருந்து வந்து ஆளைத் தேடுவார். வாசகர் இரண்டு பக்கமும் கால் வைத்துக்கொண்டு படித்துப் போக வேண்டும்.

‘ரகசியமாக ஒரு ரகசியம்’, ‘விட்டு விடு கருப்பா’ ஆகியவை அப்படி வந்த நாவல்கள். முதலாவதில் சித்தர்கள் நடமாடும் மலை ஊரும், இரவில் எவரும் தங்கக்கூடாத கோயிலும், நவபாஷாண லிங்கமும் வரும். இரண்டாவதில் கருப்பசாமி. நாவலாக இருந்தபோதே இவற்றுக்கு ரசிகர் கூட்டம் உண்டு. ஆனால் நாவல் தனியாகப் படிக்கப்படுவது. படித்தவர் தன் சந்தேகத்தைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டியதுதான். வாய்விட்டுச் சொல்லச் சக வாசகர் பக்கத்தில் இருக்க வேண்டும். எங்கள் ஊரில் நூலகத்துக்குப் போய் நாவல் எடுத்துவந்து படித்தவர்களின் கருத்து அவர்கள் வீட்டுத் திண்ணையைத் தாண்டவில்லை. குதிரை ஊர்ப்பொதுவாக ஆவதற்கு இன்னொரு வாகனம் தேவைப்பட்டது.

நாடாவில் பதிந்தது

சன் டிவி 1993 ஏப்ரல் 14 அன்று, தமிழ்ப் புத்தாண்டு நாளில் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் இயக்குநர் கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் ‘மர்ம தேசம்’ என்ற பெயரில் வரிசையாகத் தொடர்களைத் தயாரித்தது. முதலில் ‘ரகசியம்’, அடுத்து ‘விடாது கருப்பு’. இரண்டையும் இயக்கியவர் நாகா. கதை இந்திரா சௌந்தர்ராஜனுடையது. ‘விடாது கருப்பு’வில் நடித்த சேத்தனும் தேவதர்ஷினியும் பின்னாளில் வாழ்க்கையிலும் இணைந்தார்கள்.

நாகா செய்த மூன்று காரியங்களை ரசிகர்கள் இன்றுவரை எடுத்துச் சொல்வதுண்டு. கதையை இரண்டு காலத்தில் நடத்தினார். பழைய தலைமுறையின் நிகழ்ச்சியும் இன்றைய நிகழ்ச்சியும் மாறி மாறி வரும். எது எப்போது நடந்தது என்று பார்ப்பவர் கவனமாகப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். இரண்டாவது, இருட்டுக்கு அஞ்சவில்லை. தொலைக்காட்சி நாடகம் என்றால் வரவேற்பறையில் முழு வெளிச்சத்தில் நாலு பேர் உட்கார்ந்து பேசுவது என்றிருந்த காலத்தில், திறந்த வெளியில், இரவில், குதிரையை ஓடவிட்டார். மூன்றாவது ஓசை. குளம்புச் சத்தம் முதலில் கேட்கும், குதிரை பிறகுதான் வரும். சில வாரங்களில் சத்தம் மட்டும் கேட்டுவிட்டுக் குதிரை வராமலே போகும். பார்ப்பவரின் மனம் மீதியை நிரப்பிக்கொள்ளும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், மனநல மருத்துவத்தையும் ஊர் நம்பிக்கையையும் ஒரே கதைக்குள் சரிசமமாக உட்காரவைத்தது. மருத்துவர் பேசினால் அது நியாயமாகப் படும். ஊர்ப்பெரியவர் பேசினால் அதுவும் நியாயமாகப் படும். யாரையும் முட்டாளாகக் காட்டவில்லை. கருத்து முளைக்க நிலம் இப்படித்தான் பண்படுத்தப்பட்டது.

பதிவான நாடாவின் பயணமும் சாதாரணமானதில்லை. தனியார் சேனல்கள் இந்திய மண்ணிலிருந்து நேராக விண்கோளுக்கு அலை அனுப்ப அந்தப் பத்தாண்டின் பெரும்பகுதியில் அனுமதி கிடையாது. தமிழ்நாட்டில் எடுத்த நிகழ்ச்சிகள் வெளிநாட்டு நிலையங்கள் வழியாகவே மேலே ஏறின. விண்கோள் நிற்பது நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில். கடல் கடந்து, வானம் ஏறி, மறுபடி கீழிறங்கித்தான் தனியார் சேனல் நிகழ்ச்சி ஒவ்வொன்றும் நம் ஊருக்குள் நுழைந்த காலம் அது.

ஒயரின் கடைசி வீடு

தனியார் சேனல்கள் வருவதற்கு முன் எங்கள் பக்கம் தொலைக்காட்சி என்றால் தூர்தர்ஷன். கூரைமேல் கம்பம் நட்டு அலுமினிய ஆன்டெனா கட்டி, ஒருவர் மேலே ஏறித் திருப்ப, கீழிருந்து ஒருவர் “வந்துச்சு, போச்சு” என்று கத்துவார். வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’, ஞாயிற்றுக்கிழமை படம். அறிவியல் புனைகதையும் எங்களுக்கு அந்த வழியாகத்தான் வந்தது. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ தூர்தர்ஷனில் தொடராக ஒளிபரப்பானது. பொய்யான ஒரு சர்வாதிகாரி ஆளும் எதிர்காலத் தேசம், ஜீனோ என்ற பேசும் இயந்திர நாய், அது படித்துப் படித்து மனிதரைப்போல் சிந்திக்கத் தொடங்குவது எல்லாம் அந்தக் கதையில் உண்டு. விக்கிரமாதித்தன் கதையில் வேதாளமும் கிளியும் பேசக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு நாய் பேசியது பெரிய விஷயமாகப் படவில்லை. “நாயி பேசுறது இருக்கட்டும். ராசா பொய்யின்னா ஊரை ஆளுறது யாரு?” என்று கேட்டவர்கள் இருந்தார்கள். சுஜாதா எழுதியதும் அந்தக் கேள்வியைத்தான்.

கேபிள் வந்தபோது எல்லாம் மாறியது. ஊரில் ஒருவர் மொட்டை மாடியில் பெரிய டிஷ் வைத்தார். அங்கிருந்து தென்னை மரத்துக்கும் மின்கம்பத்துக்கும் தாவித் தாவி ஒயர் போனது. தூரம் போகப் போக ஒயரில் வரும் அலை மெலியும். நடுவில் வைக்கும் ஆம்ப்ளிஃபயர் ஓரளவு தூக்கிவிடும், ஆனால் கூடவே இரைச்சலையும் தூக்கிவிடும். டிஷ் வைத்த வீட்டுக்குப் பக்கத்தில் படம் பளிச்சென்று இருந்தது. ஒயரின் கடைசி வீடுகளில் திரை முழுக்க எறும்பு ஊர்வதுபோல் புள்ளி ஓடியது.

இருட்டில் எடுத்த தொடருக்கு இதனால் என்ன ஆனது என்று நினைத்துப் பாருங்கள். டிஷ் வீட்டுக்காரர்கள் குதிரைமேல் இருந்தவரின் உடையைப் பார்த்தார்கள், கையைப் பார்த்தார்கள், ஆள்தான் என்று அடித்துச் சொன்னார்கள். கடைசி வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்தது கறுப்பு வெளிக்குள் நகரும் ஒரு வெள்ளை மட்டும். அவர்கள் சாமி என்றார்கள். ஊரில் சாமிக்கட்சியும் ஆள்கட்சியும் பிரிந்ததில் நம்பிக்கைக்கு எவ்வளவு பங்கோ, அவ்வளவு பங்கு அந்த ஒயருக்கும் இருந்தது என்று நான் நிச்சயமாக நம்புகிறேன். ரசிகர் கருத்தைப் பேசும்போது அவர் எந்தத் திரையில், எந்த வெளிச்சத்தில், எத்தனை பேரோடு பார்த்தார் என்பதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

தொடர் வாரம் ஒருமுறை வந்தது. இதுதான் கருத்துக்குக் கிடைத்த பெரிய வரம். ஒரு பகுதி முடிந்து அடுத்தது வர ஏழு நாள். அந்த ஏழு நாளும் கதை ஊருக்குச் சொந்தம். நடவு வயலில், பால் சொசைட்டி வரிசையில், வில்லியனூர் போகும் பஸ்ஸில், கரும்பு வெட்டும் இடத்தில் அதே பேச்சு. இரவில் பார்க்காமல் தூங்கிவிட்டவர்களுக்கும், கரண்டு போனதால் பாதியில் விட்டவர்களுக்கும் மறுநாள் யாராவது கதை சொல்ல வேண்டும். சொல்லும்போது சொல்பவரின் கட்சி உள்ளே புகுந்துவிடும். சாமிக்கட்சிக்காரர் சொல்லும் கதையில் குளம்புச் சத்தம் கூடுதலாகக் கேட்கும். ஆள்கட்சிக்காரர் சொல்லும் கதையில் மருத்துவரின் வசனம் நீண்டுவிடும்.

மல்லாட்டை (நிலக்கடலை) உடைத்துக்கொண்டே ஆயாக்கள் நடத்திய விசாரணை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

“ஏண்டி, சாமி வந்தவன்னா தண்ணி தெளிச்சு, துண்ணூறு போட்டா மலையேறிடும். இவனுக்கு ஏன் ஏறல?”

“அது சாமி இல்ல ஆயா. மனசுல ரெண்டு ஆளு இருக்காங்களாம், அந்த மாதிரி வியாதி.”

“வியாதின்னா எல்லாரையும்ல வெட்டணும்? தப்பு பண்ணவனா பாத்து எப்பிடி வெட்டுது?”

இந்தக் கேள்வியின் கூர்மையைக் கவனிக்க வேண்டும். சாமி வந்து ஆடுபவர்களை ஆயா வாழ்நாள் முழுவதும் கண்ணெதிரே பார்த்தவர். எது ஆவேசம், எது பாசாங்கு என்று அவருக்குத் தெரியும். அந்த அனுபவத்தை வைத்து மருத்துவ விளக்கத்தில் இருந்த ஓட்டையைத் தொட்டுவிட்டார். சாமிக்கட்சியின் ஓட்டையும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. “எங்க அய்யனாரு யாரையும் கேக்காம வெட்ட மாட்டாரு. மொதல்ல கனவுல வந்து சொல்லுவாரு, கேக்கலன்னாதான் மேக்கொண்டு” என்றார். எச்சரிக்கை தராமல் தண்டிப்பது காவல் தெய்வத்துக்கு முறையில்லை என்பது அவர் தீர்ப்பு.

இப்படி ஒவ்வொரு சாவும் ஊரில் விசாரிக்கப்பட்டது. செத்தவன் செய்த தப்பு அந்தத் தண்டனைக்குத் தகுமா? சின்னத் திருட்டுக்கு உயிரை எடுக்கலாமா? பெரிய பாவம் செய்தவன் ஏன் இன்னும் உயிரோடு இருக்கிறான், கதையை இழுக்கவா? அழகர்கோயில் வாசலில் நடந்த வேலையை எங்கள் ஊர்த் திண்ணைகள் எடுத்துக்கொண்டன. பஞ்சாயத்தில் பேச வாய்ப்பே கிடைக்காத பெண்கள் இந்த வழக்கில் துணிந்து வாதாடினார்கள். ‘பொம்பளைக்கு ஊர்ல நாயம் கெடைக்கலன்னா குதிரைதான் வரணும்’ என்ற மாதிரிப் பேச்சு தொடரைப் பற்றியது மட்டுமே என்று யாரும் நினைக்கவில்லை.

கூத்துக் கண்

தொலைக்காட்சி பார்க்கும் கிராமத்து மக்கள் காட்டியதை எல்லாம் நம்பிவிடுவார்கள் என்று நகரத்தில் ஓர் எண்ணம் உண்டு. எங்கள் பக்கத்தை அறிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். இது தெருக்கூத்து மண். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பாரதம் நடக்கும். கடைசி நாள் படுகளத்தில் துரியோதனனை மண்ணால் பெரிதாகச் செய்து தரையில் கிடத்துவார்கள். அன்று மாலை தீமிதி. கதையில் அடுத்து என்ன வரும் என்று கூடியிருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். ஆகவே அவர்கள் கவனம் எப்படி நடக்கிறது என்பதில் இருக்கும். கர்ணன் குரல் கம்முகிறதா, துகிலுரிதலில் துச்சாதனன் கை நடுங்குகிறதா, அடவு சரியாக விழுந்ததா என்று விடியவிடியப் பார்த்து, விடிந்ததும் டீக்கடையில் தீர்ப்புச் சொல்வார்கள்.

இரணியன் நாடகத்தில் நரசிம்மர் வேடம் கட்டுகிறவருக்கு ஆவேசம் வந்துவிடும். நாலு பேர் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் அங்கே நிற்பது நடிகரா, நரசிம்மரா? கூத்துப் பார்ப்பவர் இரண்டையும் ஒரே சமயத்தில் ஏற்றுக்கொள்வார். கையெடுத்துக் கும்பிடவும் செய்வார், ‘போன வருசம் ஆடினவருக்கு இத விட நல்லா வந்துச்சு’ என்று பக்கத்து ஆளிடம் சொல்லவும் செய்வார். பக்தியும் விமர்சனமும் ஒன்றுக்கொன்று இடைஞ்சலாக இருப்பதில்லை. கூத்துக்குள்ளேயே கட்டியங்காரன் என்று ஒருவன் இருக்கிறான். ராஜாவையே நிறுத்திக் கேள்வி கேட்பான். அவன் கேள்வி கூட்டத்தின் கேள்வி.

அந்தக் கண்ணோடுதான் ஏம்பலமும் சுற்றுவட்டாரமும் மர்மத் தொடரைப் பார்த்தன. குதிரையில் வந்தது சாமியா, ஆளா என்பது எங்களுக்கு நரசிம்மர் முன்னால் நின்று பழகிய கேள்வி. ஒரு விடை வந்தால் இன்னொன்று பொய்யாகிவிடும் என்ற அவசரம் எங்களுக்கு இல்லை. விவாதம் இத்தனை நாள் நீடித்ததற்குக் காரணம் அதுதான்.

கடல் கடந்த அண்டை வீட்டார்

சன் டிவி தொடங்கிய அதே 1993இல் அமெரிக்காவில் ‘எக்ஸ் ஃபைல்ஸ்’ தொடர் தொடங்கியது. நம்புகிற மோல்டர், ஆதாரம் கேட்கிற ஸ்கல்லி என்ற இரண்டு அதிகாரிகள். ரசிகர்களும் அப்படியே இரண்டாகப் பிரிந்தார்கள். அவர்களைப் பார்த்து நம்மவர்கள் செய்தார்கள் என்றோ, நம்மைப் பார்த்து அவர்கள் செய்தார்கள் என்றோ சொல்லத் தேவையில்லை. அமானுஷ்யக் கதை எங்கே நன்றாகச் சொல்லப்பட்டாலும் பார்ப்பவரை நீதிபதி ஆக்கிவிடும்.

ரசிகர் கருத்துக்குப் பலம் உண்டு என்பதற்கும் அங்கே சாட்சி இருக்கிறது. ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரை நிறுத்திவிடுவார்கள் என்ற பேச்சு எழுந்தபோது, ரசிகர்கள் கடிதம் கடிதமாக எழுதிக் குவித்தார்கள். 1968இல் தொடர் தொடரும் என்று சேனலே திரையில் அறிவிக்க வேண்டிவந்தது. இங்கிலாந்தின் ‘டாக்டர் ஹூ’ கதை இன்னும் உருக்கமானது. 1960களின் பல பகுதிகளை பிபிசி அழித்துவிட்டது. நாடா விலையுயர்ந்த பொருள், பழைய நிகழ்ச்சியை யார் மறுபடி பார்க்கப்போகிறார்கள் என்ற நினைப்பு. தொண்ணூறுக்கும் மேற்பட்ட பகுதிகளின் படம் போனது. ஆனால் அந்தப் பகுதிகள் ஒவ்வொன்றின் ஒலியும் இன்று இருக்கிறது. காரணம், அன்று வீட்டில் உட்கார்ந்து ஒலிப்பதிவுக் கருவியைத் தொலைக்காட்சி முன் வைத்துப் பதிவு செய்த ரசிகர்கள். நிறுவனம் தூக்கிப் போட்டதை ரசிகர் காப்பாற்றினார்.

தினமும் வந்த பாம்பு

புதிய நூற்றாண்டு பிறக்கும்போது தமிழ்த் தொலைக்காட்சியில் வாரத் தொடர் தேய்ந்து, தினத்தொடர் ஓங்கியது. நாகாவும் இந்திரா சௌந்தர்ராஜனும் மறுபடி சேர்ந்த ‘சிதம்பர ரகசியம்’ நாடி ஜோதிடத்தை வைத்து வந்து நல்ல பெயர் எடுத்தது. ஆனாலும் ஏழு நாள் காத்திருக்கும் பழக்கம் குறைந்துகொண்டே போனது. எங்கள் கொம்யூன்களின் எல்லை தமிழ்நாட்டு ஊர்களோடு பின்னிக்கிடப்பது. ஒரு வயல் புதுச்சேரி, அடுத்த வயல் விழுப்புரமோ கடலூரோ. எல்லைக்கு அந்தப் பக்கம் 2006இல் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. வீட்டுக்கு ஒரு பெட்டி ஆனதும், ஒரே வீட்டில் பத்துப் பேர் கூடிப் பார்ப்பது நின்றது. கூடிப் பார்ப்பது நின்றால் கூடிப் பேசுவதும் குறையும்.

2017, 2018இல் சன் டிவியில் ‘நந்தினி’ வந்தது. சுந்தர் சி.யின் கதை, தமிழிலும் கன்னடத்திலும் ஒருசேர எடுத்தது, கணினி வரைகலையில் பாம்பு. இந்தியிலிருந்து ‘நாகினி’ தமிழ்க்குரல் பெற்று வந்தது. இவற்றுக்கும் எங்கள் ஊரில் பெரிய கூட்டம் இருந்தது. அந்த ரசிகர்களைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. அநியாயமாகச் செத்த பெண் திரும்பி வந்து கணக்குத் தீர்க்கிறாள் என்றால், அவளுக்காக உட்கார்ந்து பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. பச்சைவாழியம்மனையும் அங்காளம்மனையும் கும்பிடுகிற ஊர் அது.

ஆனால் கூத்துக் கண் அங்கேயும் விழித்திருந்தது. “பாம்புன்னு மொத நாளே காட்டிட்டான். இனிமே நான் என்ன கண்டுபுடிக்கிறது?” என்று ஒரு பெரியம்மா சொன்னார். எத்தனையோ பக்கம் எழுதி விளக்க வேண்டியதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். சாமியா, ஆளா என்ற கேள்வி இருந்தவரை பார்ப்பவருக்கு வேலை இருந்தது. வரைகலையில் எல்லாவற்றையும் காட்டிவிட்டால், வியக்க மட்டுமே இடம் இருக்கிறது. வியப்பு மறுநாள் காலைவரை தாங்காது. சந்தேகம் வருடக் கணக்கில் தாங்கும்.

பின்னர் குதிரை இன்னொரு வாகனம் ஏறியது. கவிதாலயா நிறுவனம் மர்ம தேசம் தொடர்களை யூடியூபில் ஏற்றியது. அன்று எறும்பு ஊர்ந்த திரையில் பார்த்தவர்கள், இன்று கையில் வைத்த செல்போனில் நிறுத்தி, பின்னோக்கி ஓட்டிப் பார்க்கிறார்கள். பேரப்பிள்ளைகள் விடுமுறையில் ஒரே மூச்சாகப் பார்த்து முடித்துவிட்டு, “ஆயா, இதுக்கா பயந்தீங்க?” என்று கேட்கிறார்கள். இரண்டு நாள் கழித்து, ராத்திரி தனியாகக் கொல்லைப்பக்கம் போகமாட்டேன் என்கிறார்கள். படத்தைப் பெரிதாக்கி முகத்தைத் தேடுகிறவர்களும் உண்டு. முகம் தெளிந்தபின்னும் வழக்கு தீரவில்லை. ‘ஆளா இருந்தாலும் அன்னிக்கு அவன் மேல வந்தது யாரு?’ என்று சாமிக்கட்சி நகர்ந்து நின்றுகொண்டது.

கதை சொல்வோரும் நிற்கவில்லை. 2022இல் வந்த ‘சுழல்’ இணையத் தொடர், எங்கள் வட மாவட்டப் பக்கத்தில் அங்காளம்மனுக்கு எடுக்கும் மயானக் கொள்ளையைத் துப்பறியும் கதையின் நடுவில் வைத்தது. திருவிழாவை நேரில் பார்த்து வளர்ந்தவர்கள் வேடம் சரியா, நடை சரியா என்று ஒவ்வொரு காட்சியையும் நிறுத்தி அளந்தார்கள். 2024 அக்டோபரில் நாகா ‘ஐந்தாம் வேதம்’ என்ற இணையத் தொடரோடு வந்தார். பழஞ்சுவடியும் செயற்கை நுண்ணறிவும் அதில் ஒன்றாக வந்தன. சுஜாதாவின் ஜீனோவும் அழகர்கோயில் கதவும் ஒரே கதைக்குள் சந்தித்துக்கொள்ளும் காலம் வந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். அடுத்த மாதமே, நவம்பர் 10 அன்று, இந்திரா சௌந்தர்ராஜன் மதுரையில் காலமானார். அன்று எங்கள் பக்கத்து வீடுகளில் அவர் பெயரைச் சொல்லித் துக்கப்பட்டவர்கள் குறைவு. ‘கருப்பு கதை எழுதினவரு போயிட்டாராம்’ என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். எழுதியவர் பெயரைவிடப் படைப்பின் பெயர் முன்னால் வருவது எழுத்தாளருக்குக் கிடைக்கும் உயர்ந்த மரியாதை.

கேட்டு வைக்க வேண்டியது

இந்தப் பயணத்தைப் பின்தொடர்ந்த எனக்கு ஒரு காரியம் தெளிவாகத் தெரிகிறது. நாடா பத்திரமாக இருக்கிறது, யூடியூபில் எவரும் பார்க்கலாம். நாடாவைப் பார்த்து ஊர் என்ன சொன்னது என்பது எங்கும் இல்லை. மல்லாட்டை உடைத்தபடி மருத்துவத்தையும் தெய்வத்தையும் ஒருசேரக் குறுக்கு விசாரணை செய்த ஆயாக்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். கூத்துக் கலையைப் பதிவு செய்ய ஆட்கள் வருகிறார்கள், நாட்டார் கதைகளைச் சேகரிக்கக் கல்லூரி மாணவர்கள் வருகிறார்கள். அவர்கள் கேள்விப் பட்டியலில் இன்னும் ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்: டிவியில் பார்த்த சாமியைப் பற்றி என்ன நினைத்தீர்கள்?

தொடர் எடுப்பவர்களுக்கும் இதில் சொல்ல ஒன்று இருக்கிறது. எவ்வளவு பெரிய பாம்பைக் காட்டுவது என்று செலவுக் கணக்குப் போடுவதற்கு முன்னால், எந்தக் கேள்வியை மக்கள் கையில் கொடுத்துவிட்டுப் போவது என்று யோசியுங்கள். புதுச்சேரியின் சின்னக் கொம்யூனில் உள்ள ஊர்கூட, நம்பிக் கொடுத்த ஒரு கேள்வியைப் பல ஆண்டு பத்திரமாக வைத்திருந்து, பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் கைமாற்றியிருக்கிறது. அப்படிப்பட்ட ரசிகர்கள் இருக்கும்வரை தமிழில் அமானுஷ்யக் கதைக்கும் அறிவியல் புனைகதைக்கும் பஞ்சம் வராது. அவர்களை நம்பி எடுக்கத்தான் ஆள் வேண்டும்.